தர ஆவணம் எழுதும் வேலை உங்கள் தலையில் விழுந்தால்

தர மேலாண்மை அமைப்புக்கு ஆவணம் எழுதும் வேலை பெரும்பாலும் ஒரே ஆளிடம்தான் வந்து சேரும். தரத் துறையில் இருக்கிறார், கொஞ்சம் நன்றாக எழுதுவார், கணினி தெரியும் என்றால் போதும், "ஆடிட்டுக்குள்ள முடிச்சிடுங்க" என்று ஒப்படைத்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உங்கள் வேலை. உங்களுக்கோ அது எல்லோருடைய வேலையையும் எழுதுகிற வேலை. நானும் அப்படித் தனியாக இறங்கியவன்தான். முடிந்தபோது மிஞ்சியது பெருமை இல்லை, அலுப்பு; வீணாய்ப் போன மாலை நேரங்களை நினைத்து எரிச்சல். யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாதி வேலையைச் செய்யாமலே விட்டிருக்கலாம். அதனால் தர மேலாண்மை அமைப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001-ஐ வைத்து, வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் வந்து நிற்பது வேறொரு நிறுவனத்தின் ஃபைல். "இதை வச்சுக்கோங்க, பேரை மட்டும் மாத்தினா போதும்" என்று யாராவது அனுப்பிவைப்பார்கள். தர மேனுவல், இருபது முப்பது புரொசீஜர் (வேலை நடக்க வேண்டிய முறையைச் சொல்லும் ஆவணம்), நூறு ஃபார்மட் (நிரப்புகிற படிவம்) எல்லாம் தயாராக இருக்கும். பார்த்தவுடன் நிம்மதி வரும். அந்த நிம்மதியை நம்பாதீர்கள். அதற்குள் "ஆவணங்கள் அனைத்தும் ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படும்", "ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாடிக்கையாளர் கருத்துக்கணிப்பு நடத்தப்படும்", "ஒவ்வொரு மாதமும் தரக் கூட்டம் நடைபெறும்" என்றெல்லாம் இருக்கும். ஐஎஸ்ஓ 9001 இந்தக் கால இடைவெளிகளில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. ஆனால் உங்கள் பெயரில் எழுதி, கையெழுத்துப் போட்டு வெளியிட்டுவிட்டால், ஆடிட்டர் உங்கள் புரொசீஜரையே திறந்து வைத்துக்கொண்டு "போன ஆறு மாதக் கருத்துக்கணிப்பைக் காட்டுங்கள்" என்பார். காட்ட முடியாவிட்டால் என்சி, அதாவது எழுதியபடி நடக்கவில்லை என்று ஆடிட்டர் பதிவு செய்யும் குறை. தரநிலை கேட்காத ஒன்றுக்காக, நாமே எழுதிவைத்த வரியால் மாட்டிக்கொள்வது மாதிரி வயிற்றெரிச்சல் வேறு கிடையாது. இரவல் ஃபைலை எழுத வேண்டிய தலைப்புகள் விட்டுப்போகாமல் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். வரிகளை எடுக்காதீர்கள்.

தரநிலை உண்மையில் எவ்வளவு கேட்கிறது என்பதைத் தரநிலையின் மூலப் பிரதியில் நீங்களே படித்துவிடுவது நல்லது, ஏனென்றால் பலர் இன்னும் பழைய பதிப்பை நினைவில் வைத்துப் பேசுகிறார்கள். 2008 பதிப்பு ஒரு தர மேனுவலையும் ஆறு புரொசீஜர்களையும் எழுத்தில் கட்டாயமாகக் கேட்டது: ஆவணக் கட்டுப்பாடு, பதிவேடு கட்டுப்பாடு, உள் ஆடிட், தரம் தவறிய பொருளைக் கையாளுதல், திருத்த நடவடிக்கை, தடுப்பு நடவடிக்கை. 2015 பதிப்பில் இந்த ஆறும் கட்டாயமில்லை, மேனுவலும் கட்டாயமில்லை. நடைமுறையில் வைத்திருக்க வேண்டிய ஆவணம் என்று அது பெயர் சொல்லிக் கேட்பவை கொஞ்சம்தான்: அமைப்பின் வரம்பு, தரக் கொள்கை, தர இலக்குகள். அதற்கு மேல், வேலைகள் ஒழுங்காக நடக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு. அந்த அளவை முடிவு செய்வது நீங்கள்தான். ஆனால் நடந்ததற்குச் சான்றாகக் காக்க வேண்டிய பதிவுகளின் பட்டியல் நீளமானது. அளவுக்கருவிகளின் தகுதி, ஆட்களின் திறமை, ஆர்டரை ஏற்கும் முன் செய்த பரிசீலனை, சப்ளையர் மதிப்பீடு, பொருளை வெளியே அனுப்ப யார் அனுமதித்தார் என்பது, தரம் தவறிய பொருளை என்ன செய்தீர்கள் என்பது, உள் ஆடிட் முடிவு, மேலாண்மை மறுஆய்வு, திருத்த நடவடிக்கை எல்லாம் அதில் வரும். டிசைன் செய்கிறவர்களுக்கு அதற்கென்று தனிப் பதிவுகள் உண்டு. புரொசீஜரைக் குறைத்து, பதிவுகளில் கவனம் வையுங்கள். ஒரு விதிவிலக்கு: மருத்துவச் சாதனங்களுக்கான ஐஎஸ்ஓ 13485:2016, வாகனத் துறைக்கான ஐஏடிஎஃப் 16949:2016 இரண்டும் தர மேனுவலை இன்னும் கேட்கின்றன. 2024-ல் வந்த திருத்தத்தையும் பார்த்துவிடுங்கள். பருவநிலை மாற்றம் உங்கள் அமைப்பைப் பாதிக்குமா என்று யோசித்து முடிவு செய்யச் சொல்லி 4.1, 4.2 பிரிவுகளில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது.

அடுத்தது எண் போடுவது. சின்ன விஷயம் மாதிரி தெரியும். தரநிலையின் பிரிவு எண்ணையே ஆவண எண்ணாக வைக்கத் தோன்றும். ஆடிட்டருக்கு வசதியாக இருக்கும் என்ற நினைப்பு. 2008 பதிப்பில் கொள்முதல் 7.4. 2015-ல் அது 8.4 ஆகிவிட்டது. தரம் தவறிய பொருள் 8.3-லிருந்து 8.7-க்குப் போனது, உள் ஆடிட் 8.2.2-லிருந்து 9.2-க்கு. பிரிவு எண்ணில் ஃபைல் வைத்திருந்தவர்கள் மேனுவல் முதல் ஃபார்மட்டின் அடிக்குறிப்பு வரை மாற்ற வேண்டி வந்தது. துறைக் குறி, ஆவண வகை, வரிசை எண், அவ்வளவு போதும். 'கொள்-பு-03' என்றால் கொள்முதல் துறையின் மூன்றாவது புரொசீஜர். எந்தப் பிரிவுக்கு எந்த ஆவணம் பதில் சொல்கிறது என்பதை மாஸ்டர் லிஸ்ட்டில் (எல்லா ஆவணங்களின் பட்டியலில்) ஒரு தனி நெடுவரிசையாக வைத்துவிட்டால், தரநிலை மாறும்போது அந்த நெடுவரிசையை மட்டும் மாற்றலாம். இன்னொன்று: ஓர் ஆவணத்துக்குள் மற்றோர் ஆவணத்தைக் குறிப்பிடும்போது ரிவிஷன் எண்ணை (எத்தனையாவது திருத்தம் என்பதை) எழுதவே எழுதாதீர்கள். 'கொள்-பு-03 ரிவிஷன் 2 படி' என்று எழுதினால், அது ரிவிஷன் 3 ஆகும் நாளில் அதைச் சுட்டுகிற எல்லா ஆவணமும் ஒரே நேரத்தில் தப்பாகிவிடும்.

இனி எழுதுவது. மேசையில் உட்கார்ந்து எழுதாதீர்கள். வேலை நடக்கிற இடத்தில் போய் நின்று பாருங்கள், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட ஷிஃப்ட்டில். பகல் ஷிஃப்ட்காரர் முதல் பீஸை அளந்துவிட்டு ஓட்டுவார், இரவு ஷிஃப்ட்காரர் மூன்று பீஸ் ஓட்டிவிட்டு அளப்பார். இருவருமே "எப்பவும் இப்படித்தான்" என்பார்கள். இந்த வித்தியாசத்தை நீங்கள் தீர்க்கக் கூடாது. இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு போய் அந்த வேலைக்குப் பொறுப்பானவர் முன் வையுங்கள், அவர் ஒன்றை முடிவு செய்யட்டும், பிறகு எழுதுங்கள். நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதினால் "தரத் துறை எழுதினது" என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் வாடிக்கையாளர் புகார் வந்த இடம், திரும்பத் திரும்ப ரீவொர்க் ஆகிற இடம், ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை, இந்த மூன்றிலிருந்து தொடங்குங்கள். தெரிந்தவர் லீவு போட்டால் நின்றுபோகிற வேலைக்கு ஓர் ஒழுங்கான வொர்க் இன்ஸ்ட்ரக்ஷன் (ஒரு வேலையைப் படிப்படியாகச் சொல்லும் தாள்) இருந்தால், மற்ற ஆவணங்களுக்கும் மரியாதை தானாக வரும்.

வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். "பொருளின் தரம் உறுதி செய்யப்பட வேண்டும்" என்பது வாக்கியமே இல்லை. யார், எப்போது, எதைக் கொண்டு, எந்த அளவுக்குள், எங்கே குறிப்பார், அளவு மீறினால் என்ன செய்வார் என்று ஆறு கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும். "போல்ட்டைப் போதுமான அளவு இறுக்கவும்" என்று எழுதினால் ஆளுக்கு ஓர் அளவு. "நான்கு போல்ட்டையும் முதலில் கையால் பிடிக்க வைத்து, பின் குறுக்கு வரிசையில் டார்க் ரெஞ்சால் 12 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கவும், ஒரே பக்கமாக இறுக்கினால் கேஸ்கெட் சாய்ந்து கசியும்" என்றால் வேலை தெரியும், காரணமும் தெரியும். அந்தக் காரணம் அரை வரிதான், ஆனால் அது இல்லாத இடத்தில்தான் அவசரத்தில் ஒரு படியைத் தாண்டிப் போவார்கள். பெயரை எழுதாமல் பதவியை எழுதுங்கள். ஆள் மாறினால் ஆவணம் மாறக் கூடாது. படம் வைத்தால் சரியானதையும் தப்பானதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், எங்கே பார்க்க வேண்டும் என்று அம்புக்குறி போடுங்கள். பளபளப்பாக எடுத்த மெஷின் படம் யாருக்கும் உதவாது.

ஓர் அளவு ஓர் இடத்தில் மட்டும் இருக்கட்டும். அடுப்பு வெப்பநிலை 180 டிகிரி என்பதைப் புரொசீஜரில், வொர்க் இன்ஸ்ட்ரக்ஷனில், கன்ட்ரோல் பிளானில் (எதை, எந்த அளவுக்குள் சோதிப்பது என்ற பட்டியலில்), ஃபார்மட்டில் என்று நான்கு இடத்தில் எழுதினால், அது 175 ஆகும் நாளில் மூன்று இடத்தில் மாற்றி ஒன்றை விட்டுவிடுவீர்கள். ஆடிட்டர் சரியாக அந்த ஒன்றைத்தான் திறப்பார். புரொசீஜரில் 'அளவுகள் கன்ட்ரோல் பிளானில் உள்ளபடி' என்று எழுதி நிறுத்துங்கள். நீளத்தைப் பொறுத்தவரை, மெஷின் பக்கத்தில் வைக்கிற இன்ஸ்ட்ரக்ஷன் ஒரு தாளின் இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் நிற்கும் இடத்தில் அதை யாரும் புரட்டிப் படிக்கப் போவதில்லை; வேலையை இரண்டாகப் பிரித்து இரண்டாக எழுதலாம். எழுதி முடித்ததும் அந்த வேலையை இதுவரை செய்யாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எங்கே நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது. இந்தச் சோதனையை விட நல்ல மறுஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை.

அப்ரூவல் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் மரியாதை கொடுப்பதாக நினைத்து ஐந்து கையெழுத்துக் கட்டம் வைத்தால், ஒரு வரி மாற்றத்துக்கும் ஐந்து மேசை ஏற வேண்டும். ஒருவர் வெளியூரில் இருப்பார். அதுவரை கீழே பழைய முறையே ஓடும். பிறகு யாரோ பேனாவால் திருத்திக்கொள்வார்கள். தரநிலை கேட்பது பொருத்தமானதா, போதுமானதா என்று மறுஆய்வும் ஒப்புதலும்தான். எத்தனை பேர் என்று சொல்லவில்லை. எழுதியவர், அந்த வேலைக்குப் பொறுப்பானவர் என்று இரண்டு கையெழுத்து போதும். ரிவிஷன் வரலாற்றில் 'புதுப்பிக்கப்பட்டது' என்று எழுதாமல், எது எதிலிருந்து எதுவாக மாறியது, எதனால் என்று எழுதுங்கள். பிற்பாடு யாராவது "இதை ஏன் இப்படி வச்சிருக்கீங்க" என்று கேட்கும்போது அந்த ஒரு வரிதான் காப்பாற்றும்.

ஃபார்மட்டுக்கு வருவோம். உண்மையான துன்பமே இங்கேதான். புரொசீஜரை வருடத்தில் சில முறை திறப்பார்கள், ஃபார்மட்டைத் தினமும் நிரப்புவார்கள். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதை யார் படிப்பார், படித்துவிட்டு என்ன முடிவெடுப்பார்? பதில் இல்லாத கட்டத்தை நீக்கிவிடுங்கள். 'குறிப்புகள்' என்ற பெரிய கட்டம் எப்போதும் காலியாகவே இருக்கும், காலியாக இருப்பதையே ஒருவர் கேள்வியாகக் கேட்பார். அளக்கிற இடங்களில் டிக் போடும் கட்டம் வைக்காதீர்கள். அளவையே எழுதச் சொல்லுங்கள். டிக் போட்டால் 'சரி' என்பது மட்டும் தெரியும். எண் இருந்தால், 25.01, 25.02, 25.03, 25.04 என்று அளவு ஒரு பக்கமாக நகர்வதை, எல்லையைத் தாண்டும் முன்பே பார்த்து டூலை மாற்றலாம். கட்டத்தின் பக்கத்திலேயே அலகையும் ஏற்கக்கூடிய எல்லையையும் அச்சிட்டு விடுங்கள், நிரப்புகிறவர் வேறொரு தாளைத் தேடக் கூடாது. எந்தக் கருவியால் அளந்தார் என்று அதன் அடையாள எண்ணுக்கும் ஒரு கட்டம் வேண்டும். பின்னாளில் அந்தக் கருவி கேலிப்ரேஷனில் (சரியாக அளக்கிறதா என்ற சோதனையில்) தவறினால் எந்த லாட்டையெல்லாம் (ஒரே தொகுதியாகச் செய்த பொருள்களை) திரும்பப் பார்க்க வேண்டும் என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

பதிவுகள் பொய்யாக நிரப்பப்படுவதற்குப் பெரும்பாலும் ஃபார்மட்தான் காரணம், ஆள் இல்லை. மணிக்கொரு முறை பன்னிரண்டு அளவு எழுதச் சொன்னால், ஓடுகிற மெஷினை விட்டு அது முடியாது. ஷிஃப்ட் முடியும்போது ஒரே பேனாவில், ஒரே சாய்வில், மொத்தமாக நிரப்புவார்கள். 25.00 கூட்டல் கழித்தல் 0.05 என்று இருக்கும் இடத்தில் எல்லாக் கட்டத்திலும் 25.00 என்று இருந்தால், அனுபவமுள்ள ஆடிட்டர் அடுத்த பக்கம் திருப்பவே மாட்டார், நேராக மெஷினுக்குப் போய்விடுவார். அந்த நிலையில் ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை. எத்தனை அளவு உண்மையில் தேவை என்று குறைத்து, செய்ய முடிகிற இடைவெளியை வையுங்கள். தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும், வெள்ளை மை கூடாது, பென்சில் கூடாது என்பதை ஃபார்மட்டின் அடியிலேயே ஒரு வரியாகப் போட்டுவிடலாம். பொருந்தாத கட்டத்தில் கோடு போடச் சொல்லுங்கள். காலிக் கட்டம் மறந்ததா தேவையில்லாததா என்று யாராலும் சொல்ல முடியாது.

வெளியிட்ட பிறகு வரும் தலைவலி பழைய பிரதிகள். புதிய ரிவிஷனைக் கணினியில் ஏற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மெஷின் மேல் லேமினேட் செய்த பழைய தாள் தொங்கும், சூப்பர்வைசரின் மேசை இழுப்பறையில் ஜெராக்ஸ் கட்டு இருக்கும், ஆபரேட்டரின் பாக்கெட் டைரியில் யாருக்கும் தெரியாத அளவுகள் இருக்கும். அந்த டைரியைப் பிடுங்காதீர்கள். அதில் இருப்பதுதான் உங்கள் இன்ஸ்ட்ரக்ஷனில் விடுபட்டது. உட்கார்ந்து பேசி, சரியென்றால் ஆவணத்தில் சேர்த்துவிட்டால் டைரிக்கு வேலை இருக்காது. எந்த ஆவணத்தின் அச்சுப் பிரதி எங்கெங்கே தொங்குகிறது என்று மாஸ்டர் லிஸ்ட்டில் எழுதிவைத்து, புதியதைக் கொடுக்கும்போது பழையதைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். காலி ஃபார்மட்டை நூறு நூறாக அச்சடித்து அடுக்கிவைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள், பழைய ரிவிஷன் உயிரோடு இருப்பது அங்கேதான். வாடிக்கையாளர் அனுப்பிய டிராயிங், வெளித் தரநிலைகள் போன்ற வெளியார் ஆவணங்களும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் வரும். பலர் தங்கள் ஆவணங்களை மட்டும் பட்டியலிட்டுவிட்டு இவற்றை மறந்துவிடுகிறார்கள்.

பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது? ஐஎஸ்ஓ 9001 வருடக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. சட்டம், வாடிக்கையாளர் ஒப்பந்தம், பொருள் பயன்பாட்டில் இருக்கும் காலம் மூன்றையும் பார்த்து நீளமானதை வையுங்கள். மருத்துவச் சாதனம் என்றால் ஐஎஸ்ஓ 13485-இன்படி சாதனத்தின் ஆயுட்காலம் வரை வேண்டும், குறைந்தது இரண்டு ஆண்டு. தெர்மல் தாளில் வருகிற பிரின்ட் சில மாதத்திலேயே வெளுத்துவிடும். அன்றே நகல் எடுத்து இணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஆடிட் நாளில் வெள்ளைத் தாளைக் காட்டிக்கொண்டு நிற்பீர்கள். எக்செல்லில் கணக்குப் போடுகிற ஃபார்மட் இருந்தால் சூத்திரம் உள்ள கட்டங்களைப் பூட்டி, விடை தெரிந்த ஓர் எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்து, அந்தச் சரிபார்ப்பையும் பதிவாக வையுங்கள். பேக்கப் எடுப்பது மட்டும் போதாது, அதிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்தும் பாருங்கள்.

பயிற்சிப் பதிவு என்றால் வருகைத் தாளில் கையெழுத்து வாங்குவது என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்று முப்பது கையெழுத்து இருந்தாலும் அது திறமைக்குச் சான்றாகாது. புதிய இன்ஸ்ட்ரக்ஷன்படி ஒருவர் வேலையைச் செய்ததை இன்னொருவர் நின்று பார்த்து, இந்த இந்தப் படிகளைச் சரியாகச் செய்தார் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாள் போதும்.

சான்றிதழ் ஆடிட் இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் ஆவணங்களையும் தயார் நிலையையும் பார்ப்பார்கள், இரண்டாவதில் எழுதியபடி நடக்கிறதா என்று பார்ப்பார்கள். சான்றிதழ் மூன்று ஆண்டுக்கு. இடையில் ஆண்டுக்கொரு முறையாவது கண்காணிப்பு ஆடிட் உண்டு. இரண்டாம் கட்டத்துக்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்: அனுப்பிவிட்ட ஏதாவது ஒரு லாட்டை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். அனுப்ப அனுமதித்தது யார், கடைசிச் சோதனை எங்கே, எந்தக் கருவி, அதன் கேலிப்ரேஷன் சான்று, செய்த ஆளின் திறமைப் பதிவு, மூலப்பொருளின் லாட், அதன் சப்ளையர் மதிப்பீடு, ஆர்டர் பரிசீலனை வரை. ஆடிட்டரும் பெரும்பாலும் இதே வழியில்தான் வருவார். சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கே நேரத்தைச் செலவிடுங்கள். மேனுவலின் முகப்பட்டையை அழகுபடுத்துவதில் அல்ல.

எவ்வளவு செய்தாலும் இரண்டு மூன்று என்சி வரத்தான் செய்யும். முதல் தடவை அது உங்களையே குறை சொன்ன மாதிரி வலிக்கும். பெரும்பாலானவை மைனராக, அதாவது சிறு குறையாக, இருக்கும், கொடுத்த கெடுவுக்குள் பதில் அனுப்பினால் முடிந்தது. பதில் எழுதும்போது மட்டும் நிதானம் வேண்டும். "ஊழியரின் கவனக்குறைவு; பயிற்சி அளிக்கப்பட்டது" என்று எழுதினால் பெரும்பாலும் திரும்பி வரும். தவறிய ஃபார்மட்டை நிரப்பியது உடனடிச் சரிசெய்தல். அந்தக் கட்டம் ஏன் காலியாக விடப்பட்டது, அதே மாதிரி வேறு ஃபார்மட்களில் விடுபட்டிருக்கிறதா என்று தேடியது, பிறகு ஃபார்மட்டிலோ வேலை வரிசையிலோ எதை மாற்றினீர்கள், மாற்றியபின் சில வாரம் கழித்து எத்தனை தாளை எடுத்துப் பார்த்தீர்கள் என்பதுதான் திருத்த நடவடிக்கை. அந்தக் கட்டம் தேவையே இல்லை என்று தெரியவந்தால், அதை நீக்கிவிட்டு ரிவிஷன் எண்ணை ஒன்று கூட்டி அனுப்பினாலும் அது முறையான பதில்தான்.